திருப்பித் தட்டாதீர்கள்

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கீழ்வீட்டு டீச்சரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்: “உங்கள் அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில் உங்கள் அப்பா கதவைத் தட்ட ஆரம்பிக்கிறார். கதவு வெளியே தாழிட்டிருக்கிறது. சில நாள் அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். அழுகிறார். உங்களைக் கூப்பிடுகிறார். எனக்கு முட்டி போய்விட்டது, படியேற முடியாது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.”

இதை கிரேன் கேபினில் உட்கார்ந்து படித்தேன். அத்தனை உயரத்தில், நான்கு பக்கமும் கண்ணாடி, கீழே துறைமுகம். இறங்கி வர இருபது நிமிடம் ஆகும் என்பதால் மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்துக்கொள்வது வழக்கம். அன்று டப்பாவைத் திறக்கவில்லை.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட உனக்கு எப்படி மனசு வந்தது? நாய்க்குக்கூட யாரும் அப்படிச் செய்வதில்லை. உள்ளே இருக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாயா? நீ யோசித்திருக்க மாட்டாய். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய், நான் கத்துவேன். அம்மா இறந்த சமயத்தில் அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். உங்கள் ஊர் முதியோர் நல அலுவலகத்துக்கும் இன்றே எழுதிப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வேலை, களைப்பு, ஆள் கிடைக்கவில்லை. வருடக்கணக்காகக் கேட்ட பாட்டுத்தானே.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

உன் கடிதம் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நீ அனுப்பிய ஆள் வந்துவிட்டார். அலுவலக அம்மாள். கையில் ஃபைல், செருப்பை வாசலில் நேராக விட்டுவிட்டு உள்ளே வந்தார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், போட்டோ பிடித்துக்கொண்டார். பிறகு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, “உங்களை இங்க நல்லாப் பாத்துக்கறாங்களா ஐயா?” என்று கேட்டார். அப்பா, “லாரி வந்தாச்சா?” என்றார். அதையும் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்குள் நான் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன், வந்தவருக்கு டீ கொடுக்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல்.

யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். “உங்க தம்பிதாம்மா” என்றார். டீச்சரிடம் உன் முகவரியை எழுதிக் கொடுத்தது நான்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று கொடுத்தேன். நன்றாகத்தான் பயன்பட்டிருக்கிறது.

நீ கேட்காததைச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் ஒரு நாள் காலை அப்பா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்க வேண்டும், ஐந்தரைக்குக் கிளம்புவேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் எட்டு மணிக்குத்தான் வருவாள், அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. நடுவில் இரண்டரை மணி நேரம். அந்த இடைவெளியில்தான் போயிருக்கிறார். மூன்று மணி நேரம் தேடினேன். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் லாரிகள் நிற்கிற இடத்தில் இருந்தார். ஒவ்வொரு லாரியின் கதவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். திருடன் என்று நினைத்து ஒரு டிரைவர் தள்ளிவிட்டிருக்கிறான். முட்டி கிழிந்து, லுங்கி முழுக்க ரத்தம். லாரி பின்னால் எடுக்கும் இடம் அது, தம்பி. அடியில் போயிருந்தால் நீ எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டாய். இதைவிட மோசமாக எழுதியிருப்பாய்.

மறுநாள் நானே கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கினேன். கடைக்காரர், “உள்ளயா வெளியவாம்மா?” என்று கேட்டார். வெளியே என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஷிஃப்ட் மாற்றிக் கேட்கவில்லையா என்பாய். கேட்டேன். எங்கள் சூப்பர்வைசர், “ஆஸ்பத்திரித் துணி உங்கப்பாவுக்காக மத்தியானத்துல அழுக்காகாதும்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு வார்டுப் படுக்கை விரிப்பும் காலையில்தான் வரும். வெந்நீரிலும் ஆவியிலும் இருபது வருடம் நின்று என் இரண்டு மணிக்கட்டும் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டன. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. வருடக்கணக்காகக் கேட்ட பாட்டு என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன தெரியும்? பாத்ரூம் கதவைக்கூடச் சாத்தாமல் எங்கள் மானத்தை வாங்கினவன் நீ. பத்தொன்பது வயதில் திடீரென்று வந்த பழக்கம், சொன்னால் சண்டைக்கு வருவாய். அந்த வருடமே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிற வசதி எல்லோருக்கும் இல்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது. என்மேல் சோப்பு வாசனை அடிப்பதாலோ என்னவோ, என்னை நர்ஸம்மா என்கிறார். ஆனால் கதவைத் தட்டும்போது, “சின்னவனே, சின்னவனே” என்று உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று டீச்சர் சொல்கிறார். சோறு ஊட்டுவது நர்ஸம்மா, அழுவது சின்னவனுக்காக. அலுவலக அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

ஜூலை 20 அன்று விசாரணை. அப்பாவை அரசு இல்லத்துக்குக் கொண்டு போவதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்வார்களாம்.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

மீன் மார்க்கெட் விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே.

ஆனாலும் பூட்டின கதவு பூட்டின கதவுதான். காரணம் எத்தனை நல்லதாக இருந்தாலும் உள்ளே இருக்கிறவனுக்கு அது தெரியாது. டீச்சர் பொய் சொல்லவில்லை என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். நீ போன பிறகுதான் அவர் தட்டுகிறார். நீ அதை ஒரு நாளாவது காதால் கேட்டிருக்கிறாயா? பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாய், அந்தச் சத்தத்தோடு இருப்பது அந்த அம்மாள்தான்.

ஒரு நாள் லீவு போடு. வழக்கம்போல் தாழ்ப்பாள் போட்டு, வேலைக்குப் போகிற மாதிரி இறங்கி, படியில் உட்கார்ந்து கேள். எப்படித் தட்டுகிறார், என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் எனக்கு எழுது. கேட்டுவிட்டு அடுத்த நாளும் அந்தத் தாழ்ப்பாளைப் போட உன் கை வருகிறதா பார்க்கிறேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நீ சொன்னபடி செய்தேன். உனக்காக இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நான்கு படி இறங்கி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அவர் கால் தேய்த்து நடக்கிற சத்தம் மட்டும். பிறகு ஆரம்பித்தது.

நான் நினைத்தது போல் இல்லை. கையால் அறைந்து அலறுவார் என்று நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி இல்லை. டொக், டொக், டொக். மூன்றே மூன்று. பிறகு நிறுத்திவிட்டார். மரக்கதவில் ஏதோ உரசியது, காதை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று, மறுபடி காது. பிறகு உள்ளே போய் பாத்ரூம் கதவில் மூன்று, சமையலறைக் கதவில் மூன்று. அழவில்லை. ஆபீசில் ஒருவர் அவருடைய வேலையைச் செய்வது போல் இருந்தது.

திரும்ப வாசல் கதவுக்கு வந்து மூன்று தட்டினார். அப்போது கீழேயிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். டீச்சர் அவருடைய வாசலில் நின்று கைத்தடியால் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பிடி எங்கள் வாசல் வரை வருகிறது, சத்தம் அப்படியே ஏறி வரும்.

அதற்குப் பிறகுதான் அப்பா உடைந்து போனார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. “சின்னவனே, இரு, இரு, அப்பா வந்துட்டேன். இதோ தொறக்கறேன். உக்காந்துடாதடா, நடந்துட்டே இரு. தூங்கிடாத. கையத் தேச்சுக்க.” இதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார். தாழ்ப்பாளை இழுக்கப் பார்க்கிறார், அது வெளியே இருக்கிறது. கீழே டங், டங். மேலே இவர் அழுகிறார். ஓடிப் போய்த் திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியை இங்கும் அங்கும் பார்த்தார். உன்னைத் தேடினார். நான் அவர் கண்ணில் படவே இல்லை.

அவரை உட்கார வைத்துவிட்டுக் கீழே போனேன். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. “வேடிக்கை பாத்து, தாளம் வேற போடறீங்களா? எங்க வீட்டு விஷயத்துல இனிமே தலையிடாதீங்க” என்றேன். டீச்சருக்கு வாய் கோணிவிட்டது. “யாருமே பதில் சொல்லலன்னா, தனியா இருக்கோம்னு நினைச்சுப்பாரேன்னுதாம்மா தட்டினேன். நான் இருக்கேன்னு தெரியட்டும்னு” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாளாக அவர் வீட்டு ஜன்னலும் திறக்கவில்லை.

தூங்காதே, கையைத் தேய் என்றெல்லாம் ஏன் சொல்கிறார்? நீ குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்ததை நினைத்துக்கொள்கிறாரா? எனக்குப் புரியவில்லை. புரிந்து என்ன ஆகப் போகிறது?

நீ ஜெயித்துவிட்டாய், தம்பி. அந்தத் தாழ்ப்பாளை இனி என்னால் போட முடியாது. போடாமலும் போக முடியாது. மூன்று நாளாக லீவில் இருக்கிறேன், இன்னும் மூன்று நாள் போனால் வேலை இருக்காது. அலுவலக அம்மாள் ஒரு சம்மதப் படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நானே கையெழுத்துப் போட்டுவிட்டால் விசாரணைகூட வேண்டாமாம், வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். கொண்டு போகட்டும் என்றுதான் தோன்றுகிறது. களைத்துவிட்டேன். திங்கட்கிழமை வாக்கில் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். அதற்குள் உனக்குத் தெரியட்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதே. இதைத் துறைமுக ஆபீஸ் கூரியரில் அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் வந்துவிடும். அலுவலகத்துக்கும் புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி மாதிரி நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்பா வெளியே விடச் சொல்லித் தட்டவில்லை, அக்கா. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கிறார்.

உன்னிடம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா வேலை பார்த்த மீன் குளிர்கிடங்கில் நானும் எட்டு மாதம் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனேனே, அது உனக்குத் தெரியும். அப்பாதான் அங்கே கதவுக்குப் பொறுப்பு. ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொரு அறையாக மூடிச் சாவியை ஒப்படைப்பார். ஒரு நாள் வெளியே நல்ல வெயில். வேலை முடிகிற நேரத்தில் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நான் உள்ளறையில் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். போகக் கூடாது என்று தெரியும். புத்தி கெட்டுப் போனேன். அப்பா வாசலில் நின்று, “யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கொடுத்தார். திட்டுவாரே என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு வரலாம் என்று நினைத்தேன். கதவு மூடிவிட்டது. உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி பனி பிடித்து இறுகிக் கிடந்தது.

முக்கால் மணி நேரம், அக்கா. இருட்டு. தட்டினேன், கத்தினேன். அந்தக் கதவு ஒரு முழம் கனம், வெளியே ஒன்றும் கேட்காது. கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கம் வந்தது, சுகமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போன அப்பாவிடம் அம்மா, “சின்னவன் எங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவர் திரும்பி ஓடி வந்திருக்கிறார். சாவியை ஒப்படைத்த இடத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும், பூட்டு வேறு இறுகிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்தியது சன்னமாகக் கேட்டது. உட்கார்ந்துவிடாதே, நடந்துகொண்டே இரு, தூங்கிவிடாதே, கையைத் தேய்த்துக்கொள். நீ எழுதியிருக்கிறாயே, ஒரு வார்த்தை மாறவில்லை.

வெளியே இழுத்துப் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “வீட்ல சொல்லாத” என்பதுதான். இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துப் போயிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். சொல்லாதே என்றால் என்ன அர்த்தம்? வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பிள்ளை சாகப் பார்த்தான், இந்த மனிதருக்கு வேலைதான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வருடம் நான் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். நீ என்னைச் சுயநலக்காரன் என்று சொன்னாய். மறுத்துப் பேசினால் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். அப்பா ஒரு புது வழக்கம் ஆரம்பித்திருந்தார். கதவை மூடின பிறகு ஒரு இரும்புக் கம்பியால் மூன்று முறை தட்டுவார், காதைக் கதவில் வைத்துக் கேட்பார். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். பதில் வராவிட்டால்தான் சாவியைத் திருப்புவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பையன்கள் அவருக்குக் கதவு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

உன் தாழ்ப்பாள் சத்தம் அவருக்கு அந்தக் கதவு மூடுகிற சத்தம். மூன்று தட்டுவார், பதில் வராவிட்டால் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவார். பதில் வந்துவிட்டால் உள்ளே நான் இருக்கிறேன். அந்த அம்மாள் பாவம், தினமும் நல்லெண்ணத்தில் என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்.

டீச்சரிடம் சொல், திருப்பித் தட்ட வேண்டாம் என்று. நான் அவருடைய கடிதத்தைப் படித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உன்மேல் பாய்ந்தேன். தாழ்ப்பாள் என்ற வார்த்தைக்கு மேல் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்டிருக்க வேண்டும். 18ஆம் தேதி வருகிறேன்.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளும் பெண் அதை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறாள். திங்கட்கிழமை காலைதான் கிடைத்தது. அன்று ஒரு நாள் மட்டும் அவள் ஐந்தரைக்கே வர ஒப்புக்கொண்டிருந்தாள், கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய் விரிப்பு மடிக்கிற மேஜையில் நின்றுகொண்டே படித்தேன். சம்மதப் படிவம் அதே பையில்தான் இருந்தது. மதியம் அலுவலகத்துக்குக் கொண்டு போவதாக இருந்தேன்.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னையும் அம்மாவையும் இருபத்திரண்டு வருடம் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். பாத்ரூம் கதவை வைத்து உன்னைப் பத்துப் பேருக்கு நடுவில் கிண்டல் செய்திருக்கிறேனே, ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? போன மாதக் கடிதத்தில்கூட எழுதினேன். எழுதின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சரிடம் போனேன். கதவைத் திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன்னைப் பற்றி இருக்கிற பகுதியைப் படிக்க உன்னிடம் அனுமதி வாங்கவில்லை, மன்னித்துக்கொள். படித்து முடித்ததும் அவர் கைத்தடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார், ஏதோ அதுதான் தப்புச் செய்தது போல. “அத்தனை நாளும் நான் தட்டத் தட்ட அவர் அழுதது அதிகமாச்சேம்மா, அது எனக்கு உறைக்கலையே. நாப்பது வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்தேன்” என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். அவருக்கும் கேட்க ஆள் இல்லாத வீடுதான் அது, எனக்கு அதுவும் இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த நாள் மறுபடி படியில் உட்கார்ந்து கேட்டேன். கீழே சத்தமே இல்லை. அப்பா வாசலில் மூன்று தட்டினார், பாத்ரூமில் மூன்று, சமையலறையில் மூன்று. காது வைத்துக் கேட்டார். “ஆள் இல்ல. பூட்டிக்கலாம்” என்றார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். எட்டு மாதம் நாங்கள் பட்டது எல்லாம் அவ்வளவுதான்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நான்கு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. இப்போது ஐந்தரைக்கு அப்பாவைக் கைப்பிடித்து இறக்கி டீச்சர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். டீச்சர் எப்படியும் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறவர். அப்பா போனதும் அவர் வீட்டு அலமாரிக் கதவு உட்பட எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறாராம். “உங்கப்பா புண்ணியத்துல என் வீட்ல யாருமில்லன்னு தினமும் உறுதியாகுது” என்கிறார் டீச்சர். இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. அவருக்கும் வயதாகிறது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவர் உன்னை மட்டும் கூப்பிடுகிறார் என்று பொறாமைப்பட்டேன். இப்போது பொறாமை போய்விட்டது, ஆனால் என்னை இன்னும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அது போகவில்லை.

நீ புகாரைத் திரும்பப் பெற்றாலும் விசாரணை நடக்குமாம், வந்துவிடு. என்னால் தனியாக அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து கிரேனில் ஏறினேன். அப்பா வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னதோடு விசாரணை முடிந்தது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அம்மாள் வந்து பார்ப்பார் என்று இங்கேயும் ஒரு தாள் வந்திருக்கிறது. வரட்டும். அவர் எழுதிக்கொண்டதிலும் பொய் ஒன்றும் இல்லை. மாதத்தில் நான்கு நாள் சேர்த்து லீவு எடுத்துக்கொள்ள ஃபோர்மனிடம் பேசியிருக்கிறேன், முகத்தைச் சுளித்தார், மாட்டேன் என்று சொல்லவில்லை.

நான் கிளம்பிய அன்று நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். நீ வேலையிலிருந்து வந்து என்னை ரயிலேற்றிவிட்டபோது சொல்லியிருக்கலாம், பிளாட்பாரத்தில் நின்று அழ எனக்கு விருப்பமில்லை.

அன்று நான் வீட்டில் இருக்கிறேனே என்று அப்பாவை டீச்சர் வீட்டுக்கு அனுப்பவில்லை. நீ போன பிறகு குளிக்கப் போனேன். உன் வீட்டு பாத்ரூம் கதவு கொக்கி போடாவிட்டால் நிற்பதில்லை. பத்து நாளாக ஒரு வாளியை முட்டுக் கொடுத்துத்தான் சமாளித்தேன், உனக்குத் தெரியும், நீ ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்ன தோன்றியதோ, வாளியை நகர்த்திவிட்டுக் கொக்கியைப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அப்படியே குளித்து முடித்தேன்.

துவட்டிக்கொண்டிருக்கும்போது கதவில் மூன்று தட்டு.

பேசாமல் இருந்தால் போய்விடுவார் என்று தெரியும். நாமே போட்ட திட்டம்தானே. நான் நின்றுகொண்டே இருந்தேன். கதவில் அவர் காது உரசுகிற சத்தம் கேட்டது. அன்று அவர் குரல் கொடுத்தபோது நான் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் நினைவுக்கு வந்தது. திருப்பித் தட்டினேன். தட்டின கையோடு கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “வந்துட்டியா” என்றார். என் இடது கையை இழுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சரியாக அந்த இரண்டு விரல்களை. அந்த நுனிகளில் எனக்கு உணர்ச்சி கிடையாது, அக்கா. அவர் தேய்ப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ரொம்ப நேரம் தேய்த்தார். நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வீட்ல சொல்லாத” என்றார்.

எனக்கு அந்த வார்த்தை இத்தனை வருடம் கழித்தும் சுட்டது. ஆனால் அவர் இந்தத் தடவை நிறுத்தவில்லை. “அம்மா பயந்துடுவா. பெரியவ ராத்திரியெல்லாம் அழுவா, அவளுக்கு உன்மேல உயிரு” என்றார்.

உன் பெயரையும் அப்போதே சொன்னார். வீட்டில் அழைக்கிற பெயர் இல்லை, பள்ளிக்கூடத்தில் எழுதின முழுப் பெயர்.

அன்றும் அவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், அவருக்குப் பேச வாய் வந்திருக்காது. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டு ஊரை விட்டுப் போனேன்.

வீட்டில் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன். மணிக்கட்டுக்கு நான் வாங்கி வைத்துவிட்டு வந்த பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

தம்பி